வளர்ப்பதா? வெல்வதா?

கோப்பை வேண்டுமா, குழந்தைகளை வளர்க்க வேண்டுமா என்று விளையாட்டுக் கழகத்தாரைக் கேட்டால், "இரண்டும்தான்!" என்பார்கள். மேடையிலே அப்படித்தான் சொல்வார்கள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம். எதிரணி ஒரு கோல் முன்னே. களத்தின் ஓரத்திலே பதினெட்டு வயதுப் பையன் அழைப்புக்காகக் காத்து நிற்கிறான். அப்போதல்லவா தெரியும், கொள்கையின் உண்மை நிறம்!

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் மண்ணிலே, பில்பாவோ என்றொரு நகரம். இரும்பும் கப்பலும் வளர்த்த ஊர். அங்கே 1898 இல் பிறந்தது அத்லெட்டிக் கால்பந்துக் கழகம். பாஸ்க் மண்ணிலே பிறந்தவன், அல்லது அந்த மண்ணின் கழகங்களிலே பயின்று வளர்ந்தவன், அவனுக்கே அங்கு சட்டை! எழுதி வைத்த சட்டமல்ல. நூறாண்டைத் தாண்டி நிற்கும் வழக்கம். மற்றக் கழகங்கள் கண்டம் விட்டுக் கண்டம் ஆள் தேடி அலைய, இவர்களோ 1971 இல் லெசாமா என்ற சிற்றூரிலே பயிற்சிக் களம் அமைத்து, சொந்தச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார்கள்.

"குறுகிய மனம் அல்லவா இது?" என்பாருண்டு. நாமும் அதே ஐயத்தோடுதான் பார்த்தோம். கானா நாட்டிலிருந்து புறப்பட்டு, சகாரா மணலைக் கால்நடையாய்க் கடந்து வந்த பெற்றோருக்குப் பில்பாவோவிலே பிறந்த பிள்ளை இன்யாகி வில்லியம்ஸ். 2016 முதல் 2023 வரை இடைவிடாது 251 லீக் ஆட்டங்கள் ஆடினார்! ஆனால், 2015 இல் அவர் கோல் போடும் வரை அந்தச் சட்டையிலே கோல் போட்ட கறுப்பர் ஒருவருமில்லை. அதையும் நாம் மறைக்க மாட்டோம்.

கொள்கைக்கு விலை உண்டு. 1983 லும் 1984 லும் லீக் பட்டம். 1984 இல் அரசர் கோப்பையும் கூட. பிறகு? 2007 இல் இருபது அணிகளிலே 17 ஆம் இடம். இன்னும் ஒரு படி சறுக்கியிருந்தால் இரண்டாம் பிரிவுக்கு இறக்கம்! வளர்த்த பிள்ளைகளையோ, பணப்பெட்டி திறந்து பிறர் அழைத்துச் சென்றனர். 2018 இல் கோல் கீப்பர் கெப்பாவுக்காக இலண்டனின் செல்சி கொடுத்தது 8 கோடி யூரோ. பணம் வந்தது, அந்தப் பணத்தைக் கொண்டு ஆள் வாங்கத்தான் சந்தை இல்லை! அரசர் கோப்பையின் இறுதி ஆட்டத்திலே ஆறு முறை தோல்வி. 2021 ஏப்ரலில் மட்டும் இரண்டே வாரத்தில் இரண்டு!

நாற்பது ஆண்டு காத்திருந்த பிறகு, 2024 ஏப்ரல் 6. செவில் நகரிலே மயோர்க்கா அணியோடு இறுதி ஆட்டம். ஸ்பெயின் தேசிய அணியின் கோல் கீப்பர் உனாய் சிமோன், அவரும் லெசாமா வளர்த்த பிள்ளையே, பெஞ்சிலே அமர்ந்திருக்கிறார். கோல் முன்னே நிற்பவர் 23 வயது ஹூலன் அகிரெசபாலா! கோப்பை ஆட்டங்கள் இளையவருக்கு என்பது பயிற்சியாளர் வல்வெர்டேயின் ஏற்பாடு. இறுதி ஆட்டம் என்று வந்தவுடன் எத்தனை பயிற்சியாளர்கள் அந்த ஏற்பாட்டைக் காற்றிலே விட்டிருப்பார்கள்! இவர் விடவில்லை. ஆட்டம் 1-1. பெனால்டியிலே ஒன்றைத் தடுத்தார் அந்த இளைஞர். 4-2 என வெற்றி! நேர்வியோன் ஆற்றிலே கபார்ரா என்னும் படகிலே கோப்பை வர, இலட்சக்கணக்கானோர் இரு கரையிலும் திரண்டனர்.

ஒன்று சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. வெற்றிப் பெனால்டியை உதைத்த பெரென்கெர், லெசாமாவின் பிள்ளையல்லர். அண்டைப் பகுதியான நவார்ராவிலே வளர்ந்து, இத்தாலியிலே ஆடிக்கொண்டிருந்தவரை 2020 இல் விலை கொடுத்து வாங்கினார்கள்.

கோப்பையைக் காத்த அகிரெசபாலா? கோப்பை ஆட்டங்கள் ஆண்டுக்குச் சில; லீக்கிலோ சிமோன் நிற்கிறார், அசையாமல். 23 வயதுக்குக் கொடுத்த வாய்ப்பு 24 வயதின் பசிக்குப் போதவில்லை. 2025 இல் ஆட்டம் தேடி, இரவலாக வாலென்சியாவுக்குப் புறப்பட்டார்.