ஒரு சாண் தாளில் ஒரு நிலம்

ஓவியம் என்றதும் பெரும்பாலோரின் மனக்கண்முன் தோன்றுவது கோயிற் சுவரையோ மண்டபத்தையோ நிறைக்கும் வண்ணக் காட்சியேயாகும். அது பலரையும் ஒருங்கே அழைப்பது. ஒரு நூலின் ஏட்டளவே அகன்று, கருங்கோடுகளால் அமையும் ஓவியமும் உண்டு. அது ஒரு வேளையில் ஒருவரையே அருகழைக்கும். செப்புத் தகட்டிற் பொறித்து அச்சிடப்பெறும் அவ்வோவியத்தை ஆங்கிலத்தில் 'எட்சிங்' என்பர்.

முதலில், தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சினைப் பரப்புவர். அதன்மேல் ஊசியாற் கீறினால் கீறிய இடத்திற் செம்பு வெளிப்படும். தகட்டை அமிலத்தில் இடும்போது, அமிலம் அவ்விடங்களை மாத்திரம் அரித்துப் பள்ளமாக்கும். பின்னர்ப் பூச்சினை அகற்றி, பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் ஏறும். உளியாற் செம்பைக் குடைவதற்கு வலிமை வேண்டும். மெழுகைக் கீறுவதற்குக் கடிதம் எழுதும் கையே போதும். ஆதலின் ஓவியரின் கையோட்டம் அப்படியே கோட்டில் தங்கிவிடுகின்றது.

இக்கலையில் தலைசிறந்தவராகப் போற்றப்படுபவர் ஒல்லாந்து நாட்டு ரெம்பிராண்ட் (1606–1669). அவர் பொறித்த ஏறக்குறைய 300 படங்களுள் நிலக்காட்சிகள் முப்பதுக்கும் குறைவே. அம்ஸ்டர்டாம் நகரின் புறத்தே நடந்து கண்ட வாய்க்கால்களையும் குடிசைகளையுமே அவர் பெரிதும் தீட்டினார். 1645இல் பொறித்த 'சிக்ஸின் பாலம்' என்னும் படம் ஒரு சாண் அகலமே உடையது. சிறு பாலம், படகின் பாய், தொலைவில் ஒரு கோபுரம், இவ்வளவுதான். ஊழியன் அயற்கிராமத்திலிருந்து கடுகு வாங்கி வருவதற்குள் அதனை முடித்தார் என்றொரு கதையும் வழங்குகின்றது. அப்படத்தில் வெறுந்தாளே வானமாக நிற்கின்றது. காண்பவரின் மனம் அடங்குவது அவ்வெறுமையிலேதான்.

அவர் கடனால் நொடிந்த 1656ஆம் ஆண்டிலேயே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. அக்கம்பெனியின் கப்பல்கள் கொணர்ந்த யப்பானியத் தாளில் அவருடைய படங்கள் சில அச்சாகியுள்ளன.

கீழ்த்திசைக் கலைஞரையும் இக்கலை கவர்ந்தது. 1916இல் தாகூருடன் பயணம் சென்ற வங்காள இளைஞர் முகுல் டே, சிக்காகோவில் இதனைக் கற்றார். 1928இல் கல்கத்தா அரசாங்கக் கலைப்பள்ளியின் முதல் இந்திய அதிபரானவரும் அவரே. வங்காளத்து ஆறும் மக்களும் அவருடைய தகடுகளில் இடம்பெற்றனர்.

இனி, ஒருகொடவத்தையை நோக்குவோம். கொள்கலன் லொறிகள் நெருங்கும் வீதிக்கு அப்பால், களனி கங்கையை அடுத்த தாழ்நிலமும் கால்வாயும் உள்ளன. ஈரநிலங்களின் பொருட்டே கொழும்பு 2018இல் 'ராம்சார் ஈரநில நகரம்' என்னும் சிறப்பினைப் பெற்றது. ஆயினும் நாள்தோறும் அவ்வழிச் செல்வோர் அவற்றை நின்று பார்ப்பது அரிது. எவரும் பாராத நிலம் குப்பைமேடாதல் எளிது. ரெம்பிராண்டின் வாய்க்காலும் இத்தகைய தாழ்ந்த, எளிய நிலத்தில் ஓடியதே. அவர் அதற்குத் தந்த கவனத்தைப் பென்சிலும் ஒரு சாண் தாளும் உடைய பள்ளி மாணவர் இதற்குத் தரலாம்.