டுமீல்! வெடித்தது எங்கே?

"டுமீல்!"

துப்பாக்கிச் சத்தம் அல்ல. பழைய பிக்கப் லாரி ஒன்று கிளம்புகிற சத்தம்!

அமெரிக்காவில் செவ்ரலே கம்பெனி 1947-ம் ஆண்டு ஒரு புது பிக்கப் லாரியை வெளியிட்டது. அதில் இருந்தது 6 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அந்த லாரிகளை இன்றும் சிலர் ஆசையோடு வைத்து ஓட்டுகிறார்கள். வயதான என்ஜின் அல்லவா? சில சமயம் வெடிக்கிறது.

உடனே புது கார்புரேட்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. பணம் போகிறது. வெடி போவதில்லை!

முதலில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சத்தம் முன்னாலா, பின்னாலா?

முன்னால் வெடித்தால்...

பெட்ரோலும் காற்றும் சிலிண்டருக்குள் எரியும்போது, அவை உள்ளே வந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் தீ கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வரும்.

பெட்ரோல் குறைந்து காற்று அதிகமானாலும் இப்படி வெடிக்கும். அந்தக் கலவை மெதுவாக எரியும். வால்வு மறுபடி திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது.

இதைச் சோதிப்பது சுலபம். சோக்கைச் சற்று இழுக்க வேண்டும். வெடி நின்றால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரில் அடைப்பு இருக்கலாம். கேஸ்கட் வழியாகக் காற்று புகலாம்.

கார்புரேட்டர் வாய்க்கு நேராக முகத்தை நீட்டக் கூடாது. புருவம் கருகிவிடும்! காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் ஆபத்து. சீறி வரும் தீயைத் தடுப்பது அதுதான்.

பின்னால் வெடித்தால்...

எரியாத பெட்ரோல் ஆவி சைலன்ஸருக்குப் போய், அங்கே தீப்பிடிக்கிறது. பிளக்கில் பொறி வராமல் இருக்கலாம். வந்தாலும் தாமதமாக வரலாம். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் 'படபட' என்றால், புகைக் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓடும்போதே சாவியை அணைத்துப் போட்டு, வேண்டுமென்றே வெடிக்க வைத்த விளையாட்டுப் பிள்ளைகளும் உண்டு. சைலன்ஸர் பிளந்தபோது விளையாட்டு முடிந்தது!

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய லாரி, பிளக் மாற்றிய பிறகு வெடிக்கிறதா? வயரை இடம் மாற்றி மாட்டியிருப்பார்கள். இந்த என்ஜினில் பொறி வரும் வரிசை 1, 5, 3, 6, 2, 4. இரண்டு வயர் மாறினாலே போதும், வெடிக்கும். சரிசெய்யக் காலணா செலவில்லை.

வயர், பொறி, பெட்ரோல் எல்லாம் சரி. ஆனாலும் வெடிக்கிறது. அப்போது மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் அளந்து பார்ப்பார். ஒன்றில் மட்டும் குறைவாகக் காட்டினால், அங்கே வால்வு கருகியிருக்கலாம். ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். செலவு அங்கேதான் ஆரம்பம்!