எண்களாய் வரும் வானொலி

மாத்தளை நகரின் தேநீர்க் கடைகளிலே இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டவாறே கல்லூரிக்கு நடந்த பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். மழை நாட்களில் மயில்வாகனன் அவர்களின் குரல் மங்கியும் ஓங்கியும் வரும். செவியைச் சற்றுக் கூர்மையாக்கினாற் பொருள் விளங்கிவிடும். அவ்விரைச்சலை அறவே ஒழிப்போம் என்று வந்ததே டிஜிட்டல் வானொலி. அது தன் வாக்கைக் காத்ததா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பழைய முறையிற் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே வானலையின்மீது ஏற்றப்படுகின்றது. புதிய முறையிலோ குரல் நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளக்கப்பட்டு, அவ்வளவுகள் எண்களாக அனுப்பப்படுகின்றன. வழியிற் சில எண்கள் பழுதுற்றாலும் பெட்டி தானே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும். பழுது ஓர் எல்லையைத் தாண்டினாலோ ஒலி மங்குவதில்லை, நின்றேவிடும். பொறியியலாளர் இதனைச் செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு ஒப்பிடுவர். மலைநாட்டாராகிய நமக்கு அவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

பழைய பெட்டிகளை ஒரே நாளிற் கைவிடுமாறு மக்களிடம் கூற இயலாதாகையால், பழைய ஒலிபரப்போடு புதியதையும் சேர்த்தே அனுப்பும் வழி வகுக்கப்பட்டது. இடையூறு இங்கேதான் பிறந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு அங்கீகாரம் பெற்ற முறையில், பண்பலை நிலையமொன்றின் டிஜிட்டல் அலைகள் அதன் நடுவிடத்திலிருந்து இருபுறமும் 129 முதல் 198 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. அடுத்த நிலையத்தின் நடுவிடமோ 200 கிலோஹேர்ட்ஸ் தொலைவிலேயே உள்ளது! அயல் வீட்டு முற்றத்திற் பந்தல் போடுவது போன்றதே இது. முதலில் டிஜிட்டல் வலு, மூல ஒலிபரப்பின் வலுவில் 100இல் ஒரு பங்காக வரையறுக்கப்பட்டது. அது கட்டிடங்களுக்குள்ளே சரிவர எட்டவில்லை. 2010இல் 10இல் ஒரு பங்குவரை உயர்த்த இடமளித்தனர். தன் நேயருக்கு எட்டச் செய்த அதே வலு, அயலாரின் நேயருக்கு இரைச்சலாயிற்று. மத்திய அலையில் நிலைமை இன்னும் மோசம். இரவில் அவ்வலைகள் அயனமண்டலத்திற் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் செல்வன. இரைச்சலும் உடன் செல்லும். 2007இல் அங்கு இரவு ஒலிபரப்புக்கும் அனுமதி கிடைத்தது. எனினும் பிற்காலத்திற் பல நிலையங்கள் அதனைத் தாமாகவே கைவிட்டன.

நமது அயல்நாட்டைப் பார்ப்போம். அகில இந்திய வானொலி டி.ஆர்.எம். என்னும் முறையில் 35 மத்திய அலைப் பரப்பிகளை நிறுவியது. மாருதி சுசுக்கி, ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் சிலவற்றில் அதற்கேற்ற பெட்டிகளும் பொருத்தப்பட்டன. ஆயின் ஏழை வீட்டார் வாங்கும் விலையில் தனிப் பெட்டி பரவவில்லை. பேச்சாளர் இருந்தார், கேட்போர் இல்லை. நோர்வே 2017இல் தேசிய ஒலிபரப்புகளைப் பண்பலையிலிருந்து அகற்றியது. சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவில் அவ்வாறே செய்து நேயர் பலரை இழந்தது.

நன்மைகளை மறைப்பது முறையன்று. ஒரே அலைவரிசையிற் பல நிகழ்ச்சிகளை அனுப்பலாம், மின்செலவும் குறையும். மலையகத் தமிழ் மாணவர்க்கெனப் பாட ஒலிபரப்பொன்று அவ்வாறு கிடைக்குமாயின் நாமே முதலில் வரவேற்போம்.

ஆயினும் 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்ததை நாம் மறக்கவில்லை. மின்சாரம் அற்று, கைத்தொலைபேசியும் ஓய்ந்த இடங்களிலே, மண்சரிவு எச்சரிக்கையைக் கொண்டுவர வல்லது உலர் பற்றரியில் இயங்கும் சிறு பண்பலைப் பெட்டியே. இரைச்சலோடு வந்தாலும் 'வெளியேறுங்கள்' என்னும் சொல் காதில் விழும். எண்களைக் கணக்கிடும் பெட்டியோ அதே பற்றரியை விரைவில் தீர்த்துவிடும். மலை மறைத்த இடத்தில் ஊமையாகிவிடும். புதிய முறையை இந்நாட்டிற் புகுத்த எண்ணுவோர் கொழும்பில் மட்டும் சோதித்து அமையாது, எல்கடுவவிலோ இரத்தோட்டைக்கு மேலுள்ள தோட்டங்களிலோ ஒரு லயன் அறைக்குள் பெட்டியை வைத்து, அடைமழை நாளொன்றிற் கேட்டுப் பார்ப்பாராக.