மதுரைப் புறநகர் வளர்ச்சியும் பழைய வழித்தடங்களும்

மதுரை நகரின் புறநகர்ப் பகுதிகளில் பெரும்பாலானவை, நகரிலிருந்து வெளிச்செல்லும் பழைய சாலைகளையும் 19ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்ட இருப்புப்பாதைகளையும் ஒட்டி உருவானவை. நகரம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவவில்லை. முதலில் வழித்தடங்களின் ஓரமாக நீண்டது. பின்னரே அவற்றிற்கு இடைப்பட்ட வயல்களையும் கண்மாய்க் கரைகளையும் நிரப்பியது. தேனி சாலையிலிருந்து சற்று விலகி அமைந்துள்ள கீழக்குயில்குடி இதனை விளக்கும் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

கோட்பாடு

நகரங்கள் மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக வளர்கின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்கெஸ் 1925இல் விளக்கினார். போக்குவரத்துத் தடங்களின் வழியே ஆப்பு வடிவப் பகுதிகளாக அவை நீள்கின்றன என்பது ஹோமர் ஹாய்ட் 1939இல் முன்வைத்த கருத்தாகும். மதுரையின் பழைய நகரம், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகளால் ஆன வளைய அமைப்புடையது. ஆனால் கோட்டைக்கு வெளியே தோன்றிய நகரம் ஹாய்ட்டின் விளக்கத்திற்கே நெருக்கமாக உள்ளது.

கோட்டையும் இருப்புப்பாதையும்

1840களில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் வெளி வீதிகள் அமைந்தன. 1875இல் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது. 1876இல் அது தெற்கே தூத்துக்குடி வரை நீண்டது. தொடருந்து நிலையம் மேற்கு வெளி வீதியை ஒட்டி அமைந்தது. பருத்தியையும் நூலையும் ஏற்றியிறக்க வசதியாக, 1892இல் ஹார்வி சகோதரர்களின் மதுரை ஆலை நிலையத்திற்கு அருகிலேயே நிறுவப்பட்டது. ஆலைத் தொழிலாளர்களுக்கான ஹார்விபட்டி, நகருக்குத் தென்மேற்கே திருப்பரங்குன்றத்தை அடுத்துத் திருமங்கலம் தடத்தில் உருவானது.

இருப்புப்பாதை ஊர்களை இணைத்தது போலவே நகரைப் பிரிக்கவும் செய்தது. மேற்குப் பகுதி மக்கள் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ உள்ள சில இடங்களில் மட்டுமே அதனைக் கடக்க இயலும். அவ்விடங்களை நோக்கியே சாலைகளும் கடைத்தெருக்களும் குவிந்தன. வடக்கே வைகையும் இவ்வாறே தடையாக இருந்தது. 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம் கோரிப்பாளையம், தல்லாகுளம் பகுதிகளின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது.

நெடுஞ்சாலைகள்

சென்னையில் 1931இல் கடற்கரை–தாம்பரம் மின்தொடருந்து தொடங்கியதால், அங்கே புறநகர்கள் நிலையங்களைச் சுற்றித் திரண்டன. மதுரையில் அத்தகைய புறநகர்ச் சேவை ஏற்படவில்லை. நாள்தோறும் வேலைக்குச் செல்வோர் பேருந்தையே நம்பியிருந்தனர். பேருந்து வழியில் பல இடங்களில் நிற்கக்கூடியது என்பதால், குடியிருப்புகளும் சாலை நெடுகத் தொடர்ச்சியாக அமைந்தன.

2011இல் மதுரை மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அப்போது இணைந்த விளாங்குடி திண்டுக்கல் சாலையிலும், திருப்பாலை நத்தம் சாலையிலும், உத்தங்குடி மேலூர் சாலையிலும், திருநகர் திருமங்கலம் சாலையிலும் உள்ளன. 2023இல் அறிக்கை தயாரிக்கப்பட்ட மெட்ரோ தொடருந்துத் திட்டத்தின் திருமங்கலம்–ஒத்தக்கடை தடமும் பழைய பெருவழிகளையே பின்பற்றியது.

மேற்குத் தடமும் கீழக்குயில்குடியும்

மேற்கே நாகமலை நீண்ட அரணாகக் கிடப்பதால், போக்குவரத்து தேனி சாலையில் குவிந்தது. 1928இல் போடிநாயக்கனூர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. எனினும் அதில் வண்டிகள் குறைவாகவே ஓடியமையால், குடியிருப்புகள் சாலையையே சார்ந்தன. 1965இல் வெள்ளைச்சாமி நாடார் கல்லூரியும், 1966இல் பின்னாளில் காமராசர் பெயரைப் பெற்ற மதுரைப் பல்கலைக்கழகமும் தொடங்கப்பட்டன. இவ்விரண்டின் வளாகங்களும் தேனி சாலையில் அமைந்ததால், நாகமலை புதுக்கோட்டை கல்வி சார்ந்த புறநகராக வளர்ந்தது.

அங்கிருந்து தெற்கே கிளைச்சாலையில் உள்ள கீழக்குயில்குடி இவ்வளர்ச்சியிலிருந்து விலகியே நின்றது. அங்குள்ள சமணர் மலையில் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. மலையடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் அமைந்துள்ளன. பெருவழியிலிருந்து விலகியிருந்தமை இவ்வூரின் நிலத்தோற்றத்தைக் காத்தது எனலாம்.

புறவழிச்சாலையின் விளைவு

பின்னர் சமயநல்லூரிலிருந்து கப்பலூர் வரை நகருக்கு மேற்கே நான்குவழிப் புறவழிச்சாலை அமைக்கப்பட்டது. முன்னர் தேசிய நெடுஞ்சாலை 7 எனவும், தற்போது 44 எனவும் எண்ணிடப்பட்டுள்ள சாலையின் பகுதி இது. நாகமலை புதுக்கோட்டை அருகே இது தேனி சாலையைக் கடக்கிறது. பழைய தடங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்பவை. புறவழிச்சாலையோ அவற்றைக் குறுக்கே இணைப்பதால், இடைப்பட்ட ஊர்களும் எளிதில் எட்டக்கூடியனவாகின்றன. அகலப்பாதையாக மாற்றப்பட்ட போடிநாயக்கனூர் தடத்தில் 2022இல் தேனி வரையும், 2023இல் போடிநாயக்கனூர் வரையும் தொடருந்துகள் மீண்டும் இயங்கத் தொடங்கின.

2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானம் தடை செய்யப்பட்டுள்ளது. அடுத்த 200 மீட்டருக்குள் கட்டுவதற்கு அனுமதி தேவை. சமணர் மலைச் சின்னங்களுக்கு இப்பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்த எல்லைக்கு அப்பால் உள்ள வயல்களுக்கும் நீர்வரத்துக் கால்வாய்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது. மலைக்குக் கிடைத்த காப்பு, மலையைச் சூழ்ந்த ஊருக்குக் கிடைக்கவில்லை.