சீன வைத்தியர் பார்க்கும் நாடி

இடது கையை மல்லாத்தி வைத்து, அதன் பின்புறமாக வலது கையைக் கொண்டு வந்து, மூன்று விரல்களை மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கட்டைவிரல் பக்கம் ஓர் எலும்பு சற்றே புடைத்திருக்கும். அதற்கு நேராக நடுவிரல் இருக்கட்டும். உள்ளங்கைப் பக்கம் ஆள்காட்டி விரல், முழங்கைப் பக்கம் மோதிர விரல். மூன்று விரல்களின் கீழும் துடிப்பது ஒரே இரத்தக் குழாய்தான். ஆரத் தமனி என்று அதற்குப் பெயர். ஆனால் சீன மரபு வைத்தியர் இம்மூன்று இடங்களையும் மூன்று தனித்தனி உறுப்புகளின் வாயில்களாகக் கருதுகிறார். இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம். வலது கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடியும் சிறுநீரகம். நம் சித்த வைத்தியரும் இதே இடத்தில் மூன்று விரல்களை வைத்துத்தான் வாதம், பித்தம், கபம் என்று கணிக்கிறார். குழாய் ஒன்று, இருவர் அதில் படிக்கும் பாடம் வேறு!

இக்கலைக்குச் சீனாவில் மிகப் பழைய இலக்கண நூல் உண்டு. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் ஷூஹே என்ற வைத்தியர் எழுதிய ‘நாடி நூல்’ 24 வகைத் துடிப்புகளை விவரிக்கிறது. பின்வந்தவர்கள் அதை 28 வரை வளர்த்தனர். மேலாகத் தொட்டவுடன் தெரிவது ‘மிதக்கும் நாடி’. அழுத்தினால்தான் தென்படுவது ‘மூழ்கிய நாடி’. இழுத்துக் கட்டிய வாத்தியத் தந்தி போல விறைப்பாக இருப்பது ‘தந்தி நாடி’. தட்டில் முத்துகள் உருள்வது போல வழுக்கி ஓடுவது ‘வழுக்கு நாடி’.

கடிகாரம் இல்லாத அக்காலத்தில் வேகத்தை எப்படி அளந்தார்கள்? வைத்தியரின் சொந்த மூச்சுதான் அளவுகோல். அவர் ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதற்குள் நோயாளியின் நாடி நான்கு முறை துடித்தால் இயல்பு. மூன்றுக்குக் குறைந்தால் மந்தம், ஆறுக்குப் போனால் வேகம். நிமிடத்துக்கு 18 மூச்சு என்று கொண்டால், நான்கு துடிப்பு என்பது 72. இன்றைய மருத்துவரும் இதை இயல்பு என்றே எழுதுவார். சீன நாடி நூல்களைப் பற்றிய செய்தி 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு எட்டியது. அதில் ஆர்வம் கொண்ட ஆங்கில மருத்துவர் ஜான் பிளாயர், நாடியை எண்ணுவதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைச் செய்வித்து, 1707-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார்.

ஆக, வேகம், சீர், வலிமை, குழாயின் விறைப்பு ஆகியவற்றை விரல் உண்மையாகவே அறிகிறது. கருவுற்ற பெண்ணிடம் வழுக்கு நாடி தெரியும் என்பதற்குக்கூட அடிப்படை இருக்கலாம்; அக்காலத்தில் இரத்தத்தின் அளவும், இதயம் வெளியேற்றும் அளவும் கணிசமாகக் கூடுகின்றன. ஆனால் உறுப்புக்கு ஓர் இடம் என்ற வரைபடத்தை உடற்கூற்றியல் ஏற்கவில்லை. துடிப்பலை ஒரே இதயத்திலிருந்து புறப்படுகிறது. நொடிக்குப் பல மீட்டர் விரையும் அந்த அலை, விரல்களுக்கிடையே உள்ள ஓர் அங்குலச் சொச்சத்தைக் கண்ணிமைக்கும் முன் கடந்துவிடும். அதற்குள் நடுவிரலிடம் கல்லீரலின் செய்தியை மட்டும் பிரித்துக் கொடுக்க அங்கே எந்த ஏற்பாடும் இல்லை. ஒரே நோயாளியைப் பல வைத்தியர்கள் ஒருவரையொருவர் கலக்காமல் நாடி பார்த்த சோதனைகளில், அவர்களின் முடிவுகள் பலமுறை வேறுபட்டே இருந்திருக்கின்றன. தேர்ந்த சீன வைத்தியர் நாடியை மட்டும் நம்புவதுமில்லை. நாக்கைப் பார்ப்பார், குரலைக் கேட்பார், நிறையக் கேள்விகள் கேட்பார்.

நாடியிலிருந்து மருந்துக்கு வருவோம். குளிர், உடல்வலி, வியர்வை இல்லாத காய்ச்சல், நாடியோ மிதந்து இறுக்கமாக இருக்கிறது. இதற்கு ஜாங் ஜோங்ஜிங் என்பவர் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கஷாயத்தில் நான்கே சரக்குகள்: மா ஹுவாங் என்னும் செடியின் தண்டு, சீன இலவங்க மரத்தின் இளங்கிளை, சர்க்கரை பாதாமிப் பருப்பு, அதிமதுரம். இவற்றை முறையே அரசன், அமைச்சன், துணைவன், தூதன் என்பார்கள். இங்கே அரசன் மெய்யாகவே அரசன்தான். 1885-இல் ஜப்பானிய விஞ்ஞானி நாகாய் நாகாயோஷி மா ஹுவாங்கிலிருந்து எபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தார். மூச்சுக் குழல்களைத் தளர்த்துவதால் அது ஆஸ்துமா மருந்தாயிற்று. இரத்த அழுத்தத்தையும் அது ஏற்றும். உடல் மெலிய என்று இச்செடியை விழுங்கியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் நேர்ந்ததால், அமெரிக்கா 2004-இல் அத்தகைய சரக்குகளைத் தடை செய்தது.

இன்னும் பெரிய கதை மலேரியாவினுடையது. 4-ஆம் நூற்றாண்டில் கே ஹொங் என்பவர், முறைக்காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் என்ற செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னார். 1967-இல் சீன அரசு தொடங்கிய மலேரியா ஆய்வில் சேர்ந்த டூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் கண்ணில் ஒன்று பட்டது: அந்தக் குறிப்பில் காய்ச்சுதல் என்ற சொல்லே இல்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ? தாழ்ந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறெடுத்தார். 1971 அக்டோபரில், 191-ஆவது மாதிரி எலிகளின் மலேரியாக் கிருமியை முற்றிலும் ஒழித்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் அவரும் தோழர்களும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தனர். அதிலிருந்து கிடைத்த ஆர்ட்டிமிசினின் அவருக்கு 2015-இல் நோபல் பரிசைத் தேடித் தந்தது.

இதே மருந்துப் பெட்டியில் விஷமும் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், மெலிவதற்கான சிகிச்சையில் சீன மூலிகைத் தூள் சேர்க்கப்பட்டது. நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதடைந்தது. பலருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டியதாயிற்று. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. ‘ஹான் பாங்ஜி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘குவாங் பாங்ஜி’ வந்திருந்தது. பெயர்கள்தாம் உறவு, செடிகள் வெவ்வேறு குடும்பத்தவை. பின்னதில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலமே இந்தக் கேட்டைச் செய்தது. நாடியும் உடனே காட்டிக் கொடுக்காத கேடு இது. மெல்ல மெல்லத் திசுவை அழிக்கும். அதே செடி இனத்தைச் சேர்ந்ததுதான் நம் ஊர் வயல்களில் படரும் ஆடுதின்னாப்பாளை. அந்த அமிலம் அதிலும் இருக்கிறது.