செங்கல் ஏந்திய கரங்கள்

கண்டி, மாத்தளைப் பகுதிகளில் வாழும் நேயர்களுக்கு றக்பி ஆட்டம் புதியதன்று. அவ்வாட்டத்தில் பந்தைக் கையால் முன்னோக்கி எறிதல் குற்றமாகும். அமெரிக்க உதைபந்தாட்டமும் றக்பியிலிருந்து கிளைத்ததே. ஆயினும், முன்னோக்கி எறிதலை அது 1906ஆம் ஆண்டில் அனுமதித்தது. அவ்வொரு விதிமாற்றத்தின் பயனாக உருவானவரே ‘வைட் றிசீவர்’ எனப்படும் பந்தேற்பாளர்.

அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜ தூரமாவது முன்னேறுதல் வேண்டும். பந்தேற்பாளர் பக்கக் கோட்டின் அருகே நின்று, ஆட்டம் தொடங்கியதும் முன்னரே வகுத்த பாதையில் ஓடுவார். எறிபவர் அவர் நிற்கும் இடத்தை நோக்கி எறிவதில்லை. அவர் வந்து சேரவேண்டிய இடத்தை நோக்கியே எறிவார். ஓர் அடி பிசகினாலும் பந்து வீணாகும். தம்புள்ளை மைதானத்தின் எல்லைக்கோட்டருகே, தோளுக்கு மேலாக நோக்கியவாறே பின்னோக்கி ஓடிப் பந்தைப் பிடிக்கும் கிரிக்கெற் வீரரை எண்ணிப் பார்க்கலாம். அவரை எவரும் மோதி வீழ்த்துவதில்லை. பந்தேற்பாளரையோ, பந்து கையில் சேர்ந்த கணமே எதிரணியினர் பாய்ந்து வீழ்த்துவர். ஆதலால் இத்தொழிலில் பலருடைய வாழ்வு மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே முடிந்துவிடுகிறது.

இத்தகைய தொழிலில் இருபது பருவங்கள் நிலைத்து நின்றவர் ஜெரி றைஸ். 1962ஆம் ஆண்டு மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த அவர், ஒரு மேசனின் மகன். கோடை விடுமுறைகளில் தந்தைக்கு உதவியாகச் சாரத்தின்மேல் நின்று, சகோதரர்கள் கீழிருந்து எறியும் செங்கற்களை ஒவ்வொன்றாக ஏந்துவார். மாத்தளையில் மாடிக் கட்டடம் எழும் இடங்களிலும் இவ்வாறு கல் கைமாறுவதைக் காணலாம். கண் சற்றுத் தவறினால் விரல் நசுங்கும். அக்கூலி வேலையே தமது கைகளுக்கு முதற்பயிற்சியாக அமைந்ததென அவர் பின்னாளிற் கூறியதுண்டு. பாடசாலையில் வகுப்புக்குச் செல்லாது நின்ற ஒருநாள் உப அதிபரைக் கண்டு அவர் ஓடிய ஓட்டமே, அவரை ஆட்டக்குழுவிற் சேர்த்துவிட்டது.

மிசிசிப்பி வலி என்னும் சிறிய பல்கலைக்கழகத்திலிருந்து 1985ஆம் ஆண்டு அவரை சான் பிரான்சிஸ்கோ அணி தெரிந்தெடுத்தது. தொடக்கம் இனிதாக அமையவில்லை. பல பந்துகளைத் தவறவிட்டார். சொந்த அணியின் இரசிகர்களே இகழ்ந்து கூச்சலிட்டனர். அவர் பயிற்சியைக் கடுமையாக்கினார். ஓய்வுக்குரிய மாதங்களிலும் குன்றின்மேல் இரண்டரை மைல் ஏறியோடுவது அவருடைய வழக்கமாயிற்று. 1987இல் 12 ஆட்டங்களில் 22 தடவை பந்தேற்றுப் புள்ளி ஈட்டினார். 1989 ஜனவரியில் நடைபெற்ற இறுதிப்போட்டியில் 11 பந்துகளைப் பிடித்து 215 கஜம் முன்னேறி, சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். அவ்வணியுடன் மூன்று இறுதிப்போட்டிகளில் வெற்றி கண்டார்.

அதுவரை காயத்தால் ஓர் ஆட்டத்தையும் இழக்காத அவருக்கு 1997ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே இடது முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. அத்தகைய காயம் ஆறுவதற்குப் பல மாதங்கள் வேண்டும். அவரோ ஏறத்தாழ மூன்றரை மாதங்களில் களம் புகுந்தார். அன்றைய ஆட்டத்தில் ஒரு பந்தைப் பிடித்துப் புள்ளி ஈட்டியபோதே முழங்காற்சில்லு வெடித்தது. உழைப்பினால் கைகளைப் பழக்கலாம்; ஆனால் உடல் ஆறுவதற்கு எடுக்கும் காலத்தை மனவுறுதியால் குறைத்தல் இயலாது. இம்முறை அவர் பொறுத்திருந்து 1998இல் மீண்டார். ஓக்லண்ட் அணிக்கு மாறியபின், நாற்பது வயதை எட்டிய 2002ஆம் ஆண்டுப் பருவத்தில் 1,211 கஜம் ஈட்டினார். 2005இல் ஓய்வுபெற்ற அவருக்கு 2010இல் புகழ்மண்டபத்தில் இடம் வழங்கப்பட்டது.

வழமையான பருவ ஆட்டங்களில் மாத்திரம் அவர் பிடித்த பந்துகள் 1,549. அவற்றால் முன்னேறிய தூரம் 22,895 கஜம், அதாவது 13 மைல். மாத்தளையிலிருந்து கண்டி வீதியில் அத்தூரம் நடந்தால் கட்டுகஸ்தோட்டையை அண்மித்துவிடலாம். பேருந்திற் செல்வோருக்கு அது சிறு பயணம். அவருக்கோ, ஒரு தடவைக்குப் பதினைந்து கஜத்துக்கும் சற்றுக் குறைவாக, ஒவ்வொரு முறையும் வீழ்ந்து எழுந்து, இருபது ஆண்டுகளிற் கடந்த வழி அது.