வாய்க்காலில் கழுவிய மருந்து, காட்டுப்பள்ளி வரை

காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். தெற்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். சுற்றிலும் தண்ணீர்தான், குடிக்கிற தண்ணீர்தான் அரிது. மீஞ்சூர்ப் பக்கத்தில் 1960-களின் கடைசியிலிருந்து சென்னைக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் வயல்களுக்காகவும் இறைத்த இறைப்பில், கடல்நீர் நிலத்தடியில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது உப்புத் தண்ணீர் என்று இங்குள்ள பிள்ளைகள்கூட ஒரு வாய் குடித்துச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் பூச்சிமருந்து கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருக்கும், வாடையும் பெரும்பாலும் இருக்காது. மிஞ்சியிருக்கும் கொஞ்ச நன்னீரையும் அது கெடுத்துவிட்டால் நமக்கு மாற்று ஏது? அதனால்தான் இந்த நஞ்சைக் குழாயடியில் தேடாமல், வயலிலேயே தடுக்க வேண்டும் என்கிறேன்.

கிணறுகள் சொன்ன கணக்கு

திருவள்ளூர் மாவட்ட நிலத்தடி நீரில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு என்று அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, முடிவுகளை 2007-இல் வெளியிட்டார்கள். டிடிடியின் ஒரு வகை லிட்டருக்கு 14.3 மைக்ரோகிராம் வரை இருந்தது. அரும்பாக்கம் திறந்தவெளிக் கிணறுகளில் லிண்டேன் 9.8 மைக்ரோகிராம். கண்டிகை கிராமத்து ஆழ்துளைக் கிணற்றில், எண்டோசல்பான் சிதைந்து உருவாகும் எண்டோசல்பான் சல்பேட் 15.9 மைக்ரோகிராம்.

இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி டிடிடி 1 மைக்ரோகிராம், லிண்டேன் 2, எண்டோசல்பான் 0.4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் கண்டிகைக் கிணற்றில் இருந்தது வரம்பைப்போல ஏறத்தாழ நாற்பது மடங்கு.

ஒரு மைக்ரோகிராம் என்பது எவ்வளவு? ஒரு கிராம் நஞ்சைப் பத்து லட்சம் லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் வரும். 12,000 லிட்டர் பிடிக்கும் எண்பத்துமூன்று தண்ணீர் லாரிகளை, ஒரு கிராம் டிடிடியே வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

இந்திய விவசாயத்தில் டிடிடிக்கு 1989-லேயே தடை வந்துவிட்டது. கொசு ஒழிப்புக்கு மட்டும் அனுமதி இருந்தது. எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை போட்டது. தடை ஒரே நாளில் வந்துவிடுகிறது. மண்ணில் இறங்கியது ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஆய்வு சொன்னது அன்றைய அளவு. இன்று உங்கள் கிணற்றில் என்ன இருக்கிறது என்பதை இன்றைய சோதனைதான் சொல்லும்.

வயலிலிருந்து முகத்துவாரம் வரை

நெல்லில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டத்துக்கும் குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழு, புகையான் என்று ஏதாவது ஒன்று வரும். மருந்து அடித்த மாலையே மழை பிடித்துக்கொண்டால் இலையில் இருந்தது வரப்பைத் தாண்டி ஓடிவிடும். தெளிப்பானை வாய்க்காலில் கழுவுவதும், காலி டப்பாவை ஏரிக்கரையில் வீசுவதும், கிணற்று மேட்டில் நின்று மருந்து கலக்குவதும் நஞ்சை நேரே தண்ணீரில் ஊற்றுவதற்குச் சமம். ஆற்றோர மணல் பாங்கான நிலத்தில் அது சீக்கிரமே கீழே இறங்கும்.

ஓடுகிற தண்ணீர் கொசஸ்தலை வழியே எண்ணூருக்கும், ஆரணி ஆறு வழியே பழவேற்காட்டுக்கும் போய்ச் சேர்கிறது. இறாலும் நண்டும் பூச்சி இனத்துக்கு நெருங்கிய உறவு. பூச்சியின் நரம்பைத் தாக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்து மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் மீனையும் கொன்றுவிடும். சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு இது உடல்நலத்தோடு வயிற்றுப்பாடும்தான்.

உடம்பில் என்ன நடக்கிறது

டிடிடி போன்றவை கொழுப்பில் தங்கும். தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் போகும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் லிண்டேனைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றும், டிடிடியை அப்படி இருக்க வாய்ப்புள்ள பொருள் என்றும் வகைப்படுத்தியது.

மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்துகள் வேறு விதம். நரம்பின் செய்தி முடிந்ததும் அதை நிறுத்தும் நொதியை இவை முடக்கிவிடுகின்றன. எச்சில் வழியும், வியர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு முட்டும். மருந்து அடிப்பவருக்கே முதல் ஆபத்து.

கொதிக்க வைத்தால் போகுமா?

போகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆவியாகாத மருந்தோ, தண்ணீர் வற்ற வற்றச் செறிவாகும். குளோரினும் இதற்குத் தீர்வாகாது. குளோர்பைரிபாஸை அது இன்னும் நச்சான பொருளாகவே மாற்றிவிடக்கூடும்.

செயலூட்டிய கரி வடிகட்டியும் ஆர்ஓ சவ்வும் பெருமளவு குறைக்கும், உரிய காலத்தில் மாற்றினால் மட்டும். டிடிஎஸ் மீட்டர் உப்பைத்தான் காட்டும், பூச்சிமருந்தைக் காட்டாது. சாதாரணச் சோதனைப் பெட்டியிலும் தெரியாது. அதற்கென்று கருவி உள்ள ஆய்வகம் வேண்டும். வயலோரக் கிணற்றை நம்பியிருக்கும் ஊராட்சிகள் மழைக்காலத் தொடக்கத்தில் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெற வேண்டும்.

வயலில் செய்யக்கூடியவை

- பூச்சியைக் கண்டதும் தெளிக்க வேண்டாம். சேத அளவைக் கணக்கிட்ட பிறகு முடிவு செய்யுங்கள். விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, முட்டை ஒட்டுண்ணி அட்டை, ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவை முதலில். திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கு ஆலோசனை கேட்கலாம்.
- டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடும் நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை.
- மழை வரும் அறிகுறி தெரிந்தால் தெளிப்பதைத் தள்ளிப் போடுங்கள்.
- காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிப் பயிருக்கே அடியுங்கள். டப்பாவில் துளையிட்டு விடுங்கள். பிறகு அதில் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள்.
- கிணறு, வாய்க்கால், ஏரி ஓரத்தில் ஒரு பட்டையைத் தெளிக்காமல் புல்லோடு விடுங்கள்.

நஞ்சு பட்டுவிட்டால்

உடையைக் களைந்து, சோப்புப் போட்டு நிறைய தண்ணீரில் கழுவுங்கள். உதவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொள்ள வேண்டும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையோ லேபிளையோ மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் அட்ரோபின் போன்ற முறிவு மருந்தை மருத்துவர் தாமதமின்றித் தொடங்க முடியும்.

காட்டுப்பள்ளியில் 2010-இல் ஒரு நிலையம் கடல்நீரைக் குடிநீராக்கத் தொடங்கியது. அதன் திறன் நாளொன்றுக்குப் பத்து கோடி லிட்டர். அதற்குச் செலவாகும் மின்சாரம் கொஞ்சமல்ல. மேற்கே, நிலத்தடியில் மிஞ்சியிருக்கும் நன்னீரைக் காக்க மின்சாரமும் வேண்டாம், சவ்வும் வேண்டாம். தெளிப்பானைக் கழுவிய தண்ணீரோடு வாய்க்கால் பக்கம் நடக்கும் ஒருவர், திரும்பி வயலுக்குள் நடந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.